இருபது ஒளிப்பலகைகளில் ஒரு நெல்லிக்கனி

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து ஊர்களில் மாரியம்மன் திருவிழா நடக்கும்போது, சாலையோரம் நிற்கும் சீரியல் செட் அலங்காரத்தின் முன்னால் நிற்காமல் அதன் பின்பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்கு ஒளிச்சிற்பத்தின் பாதி வேலை ஏற்கெனவே தெரிந்திருக்கும். மூங்கில் சட்டத்தில் அடித்த பலகையில் வரிசையாகத் துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளையிலும் தனித்தனியே நிறம் மாற்றத்தக்க ஒரு பிக்சல் பல்பு செருகப்பட்டிருக்கும். ஒரு பல்பிலிருந்து அடுத்த பல்புக்கு மூன்று கம்பிகள் போகும். எல்லாவற்றுக்கும் தலைப்பில் டி-1000எஸ் என்ற சிறு பெட்டியும் அதில் நிரல் ஏற்றிய மெமரி கார்டும் இருக்கும். அந்த அலங்காரம் தட்டையானது, ஒரே பக்கமிருந்து பார்ப்பதற்கானது. அதே பல்புகளைச் சிறு முக்கோணப் பலகைகளில் பொருத்தி, பலகைகளை ஒன்றோடொன்று முடுக்கி, சுற்றி வந்து பார்க்கத்தக்க ஓர் உருண்டை உருவத்தைச் செய்வதும் அதற்கு நிரல் எழுதுவதும் எப்படி என்பதை இங்கே விளக்குகிறேன்.

உருவத்துக்கு நெல்லிக்கனியைத் தேர்ந்தெடுத்தேன். தருமபுரி பழைய தகடூர். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஊர்ப் பாசத்தைத் தவிர வேறொரு காரணமும் உண்டு. நெல்லியின் மேல் காம்பிலிருந்து அடிவரை ஆறு கோடுகள் ஓடும். நாம் செய்யப்போகும் இருபது முக உருவமோ ஐந்து ஐந்தாகப் பிரியும் கணக்குடையது. ஐந்தில் அமைந்த பலகைகளின் மேல் ஆறு கோடுகளை வரைய வேண்டும் என்றால், பலகையையும் பல்பு எண்ணையும் நம்பி நிரல் எழுதுகிறவர் முதல் நாளே மாட்டிக்கொள்வார். ஒவ்வொரு பல்பும் வெளியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை முதலில் கணக்கிட்டு, அந்த இடத்துக்கு என்ன நிறம் என்று கேட்டு எழுதுகிறவருக்கு ஆறும் ஒன்றுதான், ஏழும் ஒன்றுதான். இந்த வேலையின் சூட்சுமம் அந்த இட அட்டவணையில் இருக்கிறது, மற்றவை கைவேலை.

பலகையின் அளவு

இருபது சமபக்க முக்கோணங்களை, ஒவ்வொரு முனையிலும் ஐந்து சேரும்படி இணைத்தால் ஓர் உருண்டை மூடிக்கொள்ளும். அதற்கு 12 முனைகளும் 30 விளிம்புகளும் இருக்கும். முக்கோணத்தின் பக்கம் 20 செ.மீ. என்றால் எதிரெதிர் முனைகளுக்கு இடையே ஏறத்தாழ 38 செ.மீ. வரும், ஒரு நடுத்தரக் குடத்தின் அளவு. இதைவிடச் சிறிதாகச் செய்தால் உள்ளே கை நுழையாது, பெரிதாகச் செய்தால் பல்பு எண்ணிக்கையும் மின்சாரமும் கூடும்.

ஒவ்வொரு பலகையும் உண்மையில் ஆழமில்லாத ஒரு தட்டு. முன்பக்கம் பால்வெள்ளை அக்ரிலிக், பின்பக்கம் பல்பு செருகும் சன்போர்டு (பி.வி.சி. நுரைப்பலகை), பக்கங்களில் மூன்று சன்போர்டுச் சுவர்கள். பக்கத்துப் பலகைகள் இரண்டும் 138.2 பாகைக் கோணத்தில் சந்திப்பதால், சுவர்கள் செங்குத்தாக நிற்காமல் 20.9 பாகை உள்நோக்கிச் சாய வேண்டும். இந்தச் சாய்வு சரியாக அமைந்துவிட்டால் பக்கத்துப் பலகைகளின் சுவர்கள் முதுகோடு முதுகாக ஒட்டி நிற்கும். நடுவே துளையிட்டு நட்டும் போல்ட்டும் போட்டு இறுக்கிவிடலாம். தட்டின் ஆழம் 4 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், பின்பலகையின் பக்கம் 14.7 செ.மீ. ஆகக் குறையும். சுவர் என்பது மேலே 20, கீழே 14.7, இடையே 4.3 செ.மீ. கொண்ட சரிவகம். அத்தகைய சரிவகங்கள் 60 தேவை.

கோணங்களைக் கையால் அளந்து வெட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் இருக்கும் லேசர் அல்லது ரூட்டர் (சுழலும் கூர்முனையால் வெட்டும்) இயந்திரத்துக்குக் கோப்பாகக் கொடுத்தால் அறுபதும் ஒரே அளவில் வரும். ஒன்றை மட்டும் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்: சன்போர்டு என்பது பி.வி.சி., அதை லேசரில் வெட்டினால் குளோரின் கலந்த புகை வந்து ஆளையும் இயந்திரத்தையும் கெடுக்கும். எனவே சன்போர்டு ரூட்டரில், அக்ரிலிக் லேசரில் என்று பிரித்துத்தான் கொடுக்க வேண்டும். அக்ரிலிக்குக்கு முழுத் தாள் வாங்கத் தேவையில்லை. இருபது முக்கோணங்களின் மொத்தப் பரப்பு, எட்டுக்கு நான்கு அடித் தாளின் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு. கடையின் மூலையில் சாய்த்து வைத்திருக்கும் துண்டுகளிலேயே 2 மி.மீ. பால்வெள்ளை கிடைத்துவிடும். பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் குறைத்தே வெட்டச் சொல்லுங்கள். நம் ஊர்ப் பங்குனி வெயிலில் அக்ரிலிக் விரியும், விரிய இடமில்லாவிட்டால் முக்கோணத்தின் முனை தெறிக்கும்.

சுவர்களை ஒட்டுவதற்கு உடனடிப் பசை போதும். ஆனால் அந்தப் பசை காய்ந்து முடிவதற்குள் அக்ரிலிக்கை மூடிவிடாதீர்கள். மூடிய தட்டுக்குள் பசையின் ஆவி தங்கி, அக்ரிலிக்கின் உட்புறம் திருநீறு பூசியது போல் வெண்படலம் படியும். பிறகு எவ்வளவு தேய்த்தாலும் முழுவதும் போவதில்லை. சுவர்களை ஒட்டி ஓர் இரவு திறந்து வைத்துவிட்டு, மறுநாள் அக்ரிலிக்கை இருபக்க டேப்பால் பதிக்கலாம்.

புள்ளி வைப்பது

பின்பலகையில் துளைகளை எங்கே இடுவது என்பது வாசலில் கோலம் போடுகிறவர்களுக்கு இரண்டே சொல்லில் புரியும்: ஊடுபுள்ளி, 5-லிருந்து 1. அடிவரிசையில் ஐந்து புள்ளி, அதன் இடைவெளிகளுக்கு மேலே நான்கு, பிறகு மூன்று, இரண்டு, ஒன்று, மொத்தம் பதினைந்து. நேர்ப்புள்ளி வைத்தால் முக்கோணத்தின் சாய்ந்த விளிம்புகளில் புள்ளிகள் படிக்கட்டாக விழும். ஊடுபுள்ளியில் மூன்று விளிம்புகளும் ஒரே மாதிரி நிறையும். புள்ளிக்குப் புள்ளி 2.7 செ.மீ. இடைவெளி, துளையின் விட்டம் 12 மி.மீ. துளை அரை மில்லிமீட்டர் பெரிதானாலும் பல்பு நிற்காது என்பதால் முதலில் ஒரு கழிவுத் துண்டில் இட்டுச் சோதிக்க வேண்டும்.

புள்ளி இடைவெளிக்கும் தட்டின் ஆழத்துக்கும் உள்ள உறவைக் கவனியுங்கள். பல்பின் நுனியிலிருந்து அக்ரிலிக் வரை உள்ள தூரம், பல்புகளுக்கு இடையே உள்ள தூரத்துக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால்தான் ஒளி பரவி ஒரே பரப்பாகத் தெரியும். குறைந்தால் தனித்தனிப் புள்ளிகளாகத் தெரியும். தட்டின் ஆழம் 4 செ.மீ. ஆனாலும் பல்பின் தலை ஏறத்தாழ 8 மி.மீ. துருத்தி நிற்பதால் மீதி 3.2 செ.மீ.தான். கோலப்புள்ளி போலவே தெரிய வேண்டும் என்று விரும்புகிறவர்கள் ஆழத்தைக் குறைத்துக்கொள்ளலாம்; அதுவும் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அது நெல்லியாக இருக்காது.

பல்பும் மின்சாரமும்

பலகைக்குப் பதினைந்து வீதம் இருபது பலகைக்கு 300 பல்புகள். பிக்சல் பல்புகள் ஐம்பது கொண்ட சரங்களாக விற்கப்படுவதால் ஆறு சரங்கள் தேவை. ஏழாவதாக ஒன்றை மாற்றுப் பல்புகளுக்காக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பல்புக்குள்ளும் டபிள்யூ.எஸ்.2811 என்ற சில்லு இருக்கும். அது தனக்கு வரும் 24 பிட் நிறத் தகவலை எடுத்துக்கொண்டு, மீதியை அப்படியே அடுத்த பல்புக்குத் தள்ளிவிடும். பந்தியில் இலைக்கட்டு கை மாறுவது போல, தனக்கு ஒன்று எடுத்துக்கொண்டு கட்டை அடுத்தவருக்குக் கொடுப்பதுதான். ஒரு பல்புக்கு 30 மைக்ரோ நொடி ஆகிறது; முந்நூறுக்கும் சேர்த்து 9 மில்லிநொடி. நொடிக்கு நூறு முறை படம் மாற்றலாம் என்பதால் ஒரே தகவல் கம்பி போதும்.

கடையில் நீங்கள் வாய் திறந்து கேட்காவிட்டால் 12 வோல்ட் சரமே கைக்கு வரும். நான் வாங்கிய இடத்தில் கல்லாவில் இருந்த தம்பி, "அண்ணா, திருவிழாவுக்கு எல்லாரும் பன்னெண்டு வோல்ட்டுதாங்க எடுக்கறாங்க, அஞ்சு எதுக்குங்க?" என்று இரண்டு முறை கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. திருவிழாவில் சரம் ஐம்பதடி, நூறடி ஓடும். 12 வோல்ட்டில் வழியில் கொஞ்சம் குறைந்தாலும் கடைசிப் பல்புவரை நிறம் மாறாது. ஆனால் அத்தகைய பல்பில் எல்.இ.டி.க்குத் தேவைப்படாத வோல்ட்டேஜ் முழுவதும் சூடாகவே போகிறது. திறந்த வெளியில் காற்று அதைக் கொண்டுபோய்விடும். மூடிய உருண்டைக்குள் அது எங்கே போகும்? நம் உருண்டையில் எந்தப் பல்பும் மின்வாயிலிருந்து, அதாவது மின்சாரம் நுழையும் இடத்திலிருந்து, வெகுதூரத்தில் இல்லை. ஆகவே 5 வோல்ட் சரமே சரி.

ஒரு பல்பு முழு வெள்ளையில் எரிந்தால் ஏறத்தாழ 60 மில்லிஆம்பியர் இழுக்கும். முந்நூறும் அப்படி எரிந்தால் 18 ஆம்பியர், அதாவது 90 வாட். எனவே வீட்டு மின்சாரத்தைக் குறைத்துத் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியில் 5 வோல்ட், 20 ஆம்பியர் கொண்ட ஒன்றை வாங்கி, நிரலிலேயே 10 ஆம்பியருக்கு மேல் போகாதபடி வரம்பு கட்ட வேண்டும். இந்த வரம்பைக் கஞ்சத்தனம் என்று எண்ண வேண்டாம். வீட்டுக்குள் இரவில் பாதி வெளிச்சமே கண்ணைக் கூசச் செய்யும். சன்போர்டு சூட்டில் நெகிழும் பொருள் என்பதையும் மறக்கக் கூடாது. காம்பு இருக்கும் மேல்முனையில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை விட்டுவிடுங்கள். கீழ்முனையில் தாங்கு குழாய் நுழையும் துளை இருக்கிறது. கீழே குளிர்ந்த காற்று நுழைந்து மேலே சூடாக வெளியேறும். நெல்லிக்கும் காம்புக் குழி இருப்பதால் அந்தத் துளை உறுத்தாது.

எஸ்.எம்.பி.எஸ். உருண்டைக்குள் போகக் கூடாது. அடியில் உள்ள பெட்டியில் இருக்க வேண்டும். அங்கிருந்து உருண்டைக்கு 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி இரண்டு. தூரம் ஒரு மீட்டர் என்றால் 10 ஆம்பியரில் 0.16 வோல்ட் மட்டுமே குறையும். மூன்று மீட்டர் என்றால் அரை வோல்ட் போய்விடும். 5 வோல்ட்டில் அரை வோல்ட் என்பது பத்தில் ஒரு பங்கு. வோல்ட்டேஜ் போதாமல் போனால் அதை மீட்டர் இல்லாமலே கண்டுபிடிக்கலாம்: வெள்ளை கேட்டால் சரத்தின் கடைசியில் மஞ்சளாகவும், இன்னும் குறைந்தால் செம்மையாகவும் தெரியும். சிவப்பு எல்.இ.டி.க்கு 2 வோல்ட் அளவே போதும், பச்சைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட் அளவு வேண்டும் என்பதால் பசிக்கும்போது முதலில் சாய்வது நீலம். இதைத் தவிர்க்க, ஐந்து பலகைகளை ஒரு குழுவாக வைத்து, நான்கு குழுக்களுக்கும் உருண்டையின் நடுவிலிருந்து தனித்தனியாக 1.5 சதுர மி.மீ. கம்பி கொடுத்து, ஒவ்வொன்றின் தலைப்பிலும் வண்டி உதிரிபாகக் கடையில் கிடைக்கும் 5 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் ஒன்றைப் போட வேண்டும். ஒரு குழுவில் 75 பல்புகள். முழு வெள்ளையிலும் 4.5 ஆம்பியர்தான். குழுவின் தொடக்கத்தில் கொடுப்பதைவிட நடுப் பலகையில் கொடுத்தால் இரு பக்கமும் சமமாகப் பிரியும். குழுக்களின் நெகட்டிவ் கம்பிகள் அனைத்தும், கட்டுப்படுத்தும் போர்டின் நெகட்டிவும் ஓரிடத்தில் சேர வேண்டும். அது விட்டுப்போனால் பல்புகள் பித்துப்பிடித்தது போல் மின்னும்.

230 வோல்ட் இணைப்பைப் பற்றி ஒரே வரி: மூன்று முள் பிளக், எர்த் கம்பி எஸ்.எம்.பி.எஸ். உடலோடு இணைப்பு, திருகு முனைகளின் மேல் மூடி. இம்மூன்றும் இல்லாமல் சுவிட்சைப் போடாதீர்கள். முன்வாசலில் வைப்பதானால் மழைச்சாரலையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மூளை

நிரலை ஏற்றிப் பல்புகளை இயக்கும் ஈ.எஸ்.பி.32 போர்டு ஒன்று போதும். அதன் 18-ஆம் முனையிலிருந்து தகவல் கம்பியை எடுக்கலாம். 6 முதல் 11 வரையுள்ள முனைகள் போர்டின் நினைவகத்தோடு இணைந்தவை என்பதால் அவற்றைத் தொடக் கூடாது. போர்டு 3.3 வோல்ட்டில் பேசும். 5 வோல்ட்டில் இயங்கும் சில்லோ 3.5 வோல்ட்டுக்கு மேல் வந்தால்தான் உறுதியாகக் காது கொடுக்கும். பல பேருக்கு இடையில் எதுவும் இல்லாமலும் வேலை செய்யும், மேசையில் வேலை செய்து வாசலில் கைவிடும். நடுவில் 74ஏ.எச்.சி.டி.125 சில்லை வைத்து 5 வோல்ட்டுக்கு உயர்த்திவிட்டால் அந்தக் கவலை இல்லை. அந்தச் சில்லிலிருந்து முதல் பல்புக்குப் போகும் கம்பியில் 330 ஓம் ரெசிஸ்டர், மின்வாயின் குறுக்கே 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். இந்தச் சில்லறைப் பொருள்கள் உள்ளூரில் கிடைக்காவிட்டால், பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்கு ரயிலிலோ பேருந்திலோ காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம்.

பலகைகளைக் கோப்பதற்கு முன், சரத்தைப் பதினைந்து பதினைந்தாக வெட்டி, இரு முனைகளிலும் மூன்று முள் ஜே.எஸ்.டி. கனெக்டர் போடுங்கள். ஒரு பலகை கெட்டால் அதை மட்டும் கழற்றி மாற்ற இதுதான் வழி. பற்றவைத்த ஒவ்வோர் இடத்திலும் சூட்டில் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழல் ஏற்ற வேண்டும். பல்பில் தகவல் ஒரு திசையில் மட்டுமே போகும் என்பதால் உள்வரும் முனைக்கு ஆண், வெளியேறும் முனைக்குப் பெண் என்று ஒரே ஒழுங்கைக் கடைப்பிடித்தால், தவறி மாற்றிச் செருகவே முடியாது.

பலகைக்குள் பல்பு செருகும் வரிசை: அடிவரிசையின் இடது மூலையில் தொடங்கி வலமாக ஐந்து, அடுத்த வரிசையில் வலமிருந்து இடமாக நான்கு, மறுபடி இடமிருந்து வலமாக மூன்று, இப்படி உழவுச்சால் போல் திரும்பித் திரும்பிச் சென்று உச்சியில் முடிய வேண்டும். இடம், வலம் என்று நான் சொல்வது முன்பக்கத்திலிருந்து பார்க்கும்போது. ஆனால் நீங்கள் பல்பைச் செருகுவதோ பின்பக்கத்திலிருந்து; அங்கே இடம் வலமாகிவிடும். முதல் நான்கு பலகைகளை நான் கண்ணாடிப் பிம்பமாகச் செய்து முடித்த பிறகே இது உறைத்தது. ஒரு பின்பலகையில் 1 முதல் 15 வரை மார்க்கரால் எழுதி முன்னால் நிறுத்திவைத்துக்கொண்டு, மற்றவற்றை அதைப் பார்த்துச் செய்யுங்கள்.

இட அட்டவணை

இனி வருவதைத் தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு படியுங்கள். உருண்டையின் 12 முனைகளுக்கும் எண் கொடுப்போம். காம்பு இருக்கும் மேல்முனை 0; அடிமுனை 11. மையத்திலிருந்து முனைவரை உள்ள தூரத்தை 1 என்று கொண்டால், மேல்முனையின் உயரம் 1, அடிமுனையின் உயரம் −1. இடையே இரண்டு வளையங்கள். மேல் வளையத்தில் 1 முதல் 5 வரை ஐந்து முனைகள்: உயரம் 0.447, நடு அச்சிலிருந்து தூரம் 0.894, திசை 0, 72, 144, 216, 288 பாகை. கீழ் வளையத்தில் 6 முதல் 10 வரை: உயரம் −0.447, தூரம் அதே 0.894, திசை 36, 108, 180, 252, 324 பாகை.

ஒவ்வொரு பலகையையும் மூன்று முனை எண்களால் குறிப்போம்: முதலில் உச்சி, அதாவது பதினைந்தாவது பல்பு இருக்கும் மூலை, அடுத்து முதல் பல்பு இருக்கும் மூலை, கடைசியாக ஐந்தாவது பல்பு இருக்கும் மூலை. வெளியிலிருந்து பார்த்தால் இம்மூன்றும் எப்போதும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் செல்லும். தகவல் கம்பி செல்லும் வரிசையில் இருபது பலகைகளும் இவை. மேல் மூடியில் ஐந்து: (0, 1, 2), (0, 2, 3), (0, 3, 4), (0, 4, 5), (0, 5, 1). கடைசிப் பலகையின் அடிவிளிம்பைத் தாண்டி இறங்கினால் நடுவளையம். அதில் தொங்கும் முக்கோணமும் நிற்கும் முக்கோணமும் மாறி மாறி வரும்: (10, 1, 5), (1, 10, 6), (6, 2, 1), (2, 6, 7), (7, 3, 2), (3, 7, 8), (8, 4, 3), (4, 8, 9), (9, 5, 4), (5, 9, 10). பத்தாவதின் அடிவிளிம்பைத் தாண்டினால் கீழ் மூடி: (11, 10, 9), (11, 6, 10), (11, 7, 6), (11, 8, 7), (11, 9, 8). ஒவ்வொரு பலகையும் முன்னதோடு ஒரு விளிம்பைப் பகிர்ந்துகொள்வதைச் சரிபார்த்துப் பாருங்கள். கையை எடுக்காமல் போடும் கோலத்தைப் போல, கம்பி எங்கும் குறுக்கே தாவாமல் இருபதையும் ஒரு முறை தொட்டுவிடுகிறது.

பலகைக்குள் இருக்கும் பல்பின் இடத்தைக் காண, அதன் வரிசையை அடியிலிருந்து 0, 1, 2, 3, 4 என்றும், வரிசைக்குள் இடமிருந்து அதன் இடத்தை 0-லிருந்தும் எண்ணுங்கள். உச்சிமூலைக்கு வரிசை எண் எவ்வளவோ அவ்வளவு எடை. ஐந்தாம் பல்பின் மூலைக்கு வரிசைக்குள் இருக்கும் இடம் எவ்வளவோ அவ்வளவு எடை. நான்கில் மீதி, முதல் பல்பின் மூலைக்கு. மூன்று மூலைகளின் இடங்களையும் இந்த எடைகளால் பெருக்கிக் கூட்டி நான்கால் வகுத்து, கிடைத்த புள்ளியைப் பலகையின் நடுப்புள்ளியை நோக்கி 0.54 மடங்காகச் சுருக்க வேண்டும். பலகையின் பக்கம் 20 செ.மீ., பல்புகள் பரவியிருப்பதோ 10.8 செ.மீ. என்பதால் அந்த 0.54. ஒற்றை எண் வரிசைகளில் மட்டும் கம்பி திரும்பி வருவதால் இடத்தை வலமிருந்து எண்ண வேண்டும். இந்தக் கணக்கைப் போர்டு இயங்கத் தொடங்கும்போது ஒரு முறை செய்து, முந்நூறு பல்புகளின் உயரத்தையும் திசையையும் பட்டியலாக வைத்துக்கொண்டால் போதும். பிறகு நிரலின் எந்த மூலையிலும் பலகை என்ற சொல்லே வர வேண்டியதில்லை.

பட்டியலோடு ஒரு சிறு ஏற்பாட்டையும் சேர்த்துவிடுங்கள்: பலகைக்கு ஒரு திருப்ப எண், 0 அல்லது 1 அல்லது 2. சமபக்க முக்கோணம் எந்தப் பக்கம் திருப்பினாலும் பொருந்தும் என்பதே இந்த உருவத்தின் வசதியும் வம்பும். என் உருண்டையைக் கடைசிப் போல்ட்வரை இறுக்கிவிட்டு முதல் கோட்டை ஏற்றியபோது, அது பன்னிரண்டு பலகைகளில் ஒழுங்காக வளைந்து வந்து, பதின்மூன்றாவதில் மட்டும் சிதறியது. ஒரு முறை திரும்பிய நிலையில் அதை முடுக்கியிருந்தேன். கழற்றுவதென்றால் ஆறு போல்ட்டுகள், கனெக்டர்கள், ஒரு மாலைப்பொழுது. அட்டவணையில் மூன்று முனை எண்களை ஓர் இடம் சுழற்றி எழுதினேன், கோடு நேரானது.

நெல்லியின் நிறம்

நிரலை ஆர்டுயினோ செயலியில், ஃபாஸ்ட்எல்.இ.டி. நூலகத்தை (ஆயத்த நிரல் தொகுப்பை)க் கொண்டு எழுதலாம். மின்சார வரம்புக்கு அதில் தனிக் கட்டளை உண்டு; வோல்ட் 5, மில்லிஆம்பியர் 10000 என்று கொடுத்துவிடுங்கள். நிற வரிசையையும் சரிபார்க்க வேண்டும்: பட்டைகளாக வரும் எல்.இ.டி.களில் பச்சை முதலில் வரும், இந்தப் பல்புகளில் பெரும்பாலும் சிவப்பு முதலில் வரும். சிவப்பு கேட்டுப் பச்சை எரிந்தால் பல்பில் குறையில்லை, வரிசைதான் மாறியிருக்கிறது.

நெல்லியின் அடிநிறம் மஞ்சளும் பச்சையும் சேர்ந்தது. அந்த நூலகத்தின் 256 படி நிறவட்டத்தில் மஞ்சள் 64-லும் பச்சை 96-லும் இருக்கின்றன. 76-ஐ ஒட்டி, நிறத்தின் அடர்த்தியைச் சற்றுக் குறைத்தால் பழுத்த நெல்லி கிடைக்கும். ஆறு கோடுகளுக்கு, பல்பின் திசையை ஆறால் பெருக்கி அதன் கோசைனைப் பாருங்கள். −1-ஐ நெருங்கும் இடங்களில் வெளிச்சத்தைக் குறைத்தால் ஆறு மெல்லிய இருண்ட கோடுகள் விழும். நடுவளையத்தில் ஒரு சுற்றுக்கு முப்பது பல்புகள், ஒரு கோட்டுக்கு ஐந்து என்பதால் அங்கே கோடு தெளிவாக நிற்கும். காம்பருகே ஒரு சுற்றுக்கு ஐந்து பல்புகளே மிஞ்சுவதால் அங்கே ஆறு கோடுகளைக் காட்ட இயலாது; ஆகவே உயரம் கூடக் கூடக் கோட்டின் ஆழத்தைக் குறைத்து, உச்சியில் முழுவதும் கரைத்துவிட வேண்டும்.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும்போது ஒரு கணக்கைச் சேர்க்காவிட்டால் எல்லாம் வெளிறித் தெரியும். நம் கண் மங்கிய ஒளியில் சிறு மாற்றத்தையும் பிடித்துக்கொள்ளும், மிகுந்த ஒளியில் பெரிய மாற்றத்தையும் கவனிக்காது. வெளிச்சத்தை 0 முதல் 1 வரையான எண்ணாக வைத்து, 2.2 என்ற அடுக்குக்கு உயர்த்திய பிறகே பல்புக்கு அனுப்புங்கள். இருண்ட கோடு இருண்டதாகத் தெரிவது இதன் பிறகுதான்.

அசைவுக்கு, திசையோடு காலத்தைக் கூட்டினால் கோடுகள் சுற்றும். நிமிடத்துக்கு ஒரு சுற்றுக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. அதற்கு மேல் போனால் ராட்டினம் ஆகிவிடும். உயரத்தைக் கொண்டு அடியிலிருந்து மேலாகப் பசுமை ஏறிப் பழுக்கும் காட்சியும் எளிது. நிரல் எழுதும் பழக்கமில்லாதவர்கள் டபிள்யூ.எல்.இ.டி. என்ற இலவச மென்பொருளைப் போர்டில் ஏற்றி, செல்பேசி மூலம் ஆயத்த அசைவுகளை ஓட்டிப் பார்க்கலாம். அதிலும் மின்சார வரம்பு உண்டு. ஆனால் அந்த அசைவுகள் பல்பின் எண்ணைப் பின்பற்றுவதால், உருண்டையின் மேல் பாம்பு ஊர்வது போலத் தெரியுமே தவிர, பழம் தெரியாது. பல்பு, கம்பி, ஃபியூஸ் எல்லாம் சரியா என்று சோதிக்க அது நல்ல கருவி.

கூட்டுவதும் பழுது பார்ப்பதும்

மேல் மூடியின் ஐந்து பலகைகளை முதலில் கவிழ்த்து வைத்து முடுக்குங்கள். உருண்டை உருளாமல் இருக்கப் பானைக்கு வைக்கும் பிரிமணையைப் போல் நல்ல தாங்கி வேறில்லை. அக்ரிலிக்கிலும் கீறல் விழாது. அதன் மேல் நடுவளையம், பிறகு கீழ் மூடியில் நான்கு. விளிம்புக்கு இரண்டு 3 மி.மீ. போல்ட் வீதம் 27 விளிம்புகளுக்கு 54. இருபதாவது பலகையை மூடிய பிறகு உள்ளே கை போகாது. அதன் மூன்று சுவர்களிலும் நியோடிமியம் காந்தங்களை ஒட்டி, தேவைப்பட்டபோது கழற்றும் கதவாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பலகையையும் முடுக்கியவுடன் விளக்கேற்றிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

பின்னொரு நாள், ஓரிடத்துக்குப் பிறகு எல்லாப் பல்புகளும் அணைந்துவிட்டால், இலைக்கட்டை யாரோ கை மாற்றவில்லை என்று பொருள். குற்றவாளி அணைந்தவற்றில் முதலாவதாகவோ, எரிபவற்றில் கடைசியாகவோ இருக்கும்; எரிகிறதே என்று அந்தக் கடைசிப் பல்பைச் சந்தேகிக்காமல் விட்டுவிடக் கூடாது. எரியும் விளக்குகளை எண்ணிப் பதினைந்தால் வகுத்தால் பலகை தெரியும், மீதியைப் பார்த்தால் துளை தெரியும். காந்தக் கதவைக் கழற்றி, முதலில் அந்தப் பலகையின் கனெக்டரை அழுத்திப் பாருங்கள். அதிலும் எரியாவிட்டால் ஏழாவது சரத்திலிருந்து ஒரு பல்பை வெட்டி, அதன் மேல் உள்ள அம்புக்குறி பழைய பல்பின் அம்புக்குறி பார்த்த திசையையே பார்க்கும்படி வைத்துப் பற்றவைக்க வேண்டும்.